தன்னைத்தானே சோதிக்கும் தர்க்கச் சுற்று

மும்பை மாநகரின் குர்லா ஸ்டேஷனைத் தமிழர் பலர் அறிவர். தாராவியிலும் மாடுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவரில் பலர் வேலைக்குச் செல்லுங்கால் வண்டி மாறும் இடம் அது. தென்னாட்டை நோக்கிச் செல்லும் நெடுந்தூர வண்டிகள் பல புறப்படும் லோகமான்ய திலகர் டெர்மினஸும் அதன் அருகிலேயே உள்ளது. நம் நாட்டின் தொழில்நுட்ப வரலாற்றிலும் குர்லாவுக்கு ஓர் இடம் உண்டு. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் நாள், இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டு, துறைமுகக் கிளைப் பாதை வழியாக, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஓடிக் குர்லாவை அடைந்தது. அன்று அதனை இயக்கியது 1,500 வோல்ட் நேர் மின்னோட்டம். அப்பாதையை 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்துக்கு மாற்றும் பணி 2016இல் நிறைவெய்தியது.

இத்தகைய பாதையில் வண்டிகள் சில நிமிஷ இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முன்னே செல்லும் வண்டி விலகும் வரையில் பின்னே வரும் வண்டியை நிறுத்தி வைப்பது சிக்னல். பயணிகள் மின்சாரத்தை நம்பி ஏறுவதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் நம்புவது சிக்னலை இயக்கும் சுற்றுகளையே. அச்சுற்று பழுதுற்றால் என்ன நேரும்? பழுதுற்ற செய்தி நமக்கு எவ்வாறு தெரியும்? இவ்விரண்டு வினாக்களுக்கும் பொறியியலார் கண்ட விடைகளை, களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்துகொள்ளும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூமியின் ஈர்ப்பே காவலன்

ரயில் பாதையில் வண்டி நிற்கின்றதா இல்லையா என்பதை அறியும் பழைய முறை பாதைச் சுற்று எனப்படும். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாதையின் ஒரு பகுதியை மற்றப் பகுதிகளிலிருந்து மின்கடத்தாப் பொருளால் பிரித்துவிடுவர். அப்பகுதியின் ஒரு முனையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் கொடுக்கப்படும். மறுமுனையில் ஒரு ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச், இணைக்கப்பட்டிருக்கும். பாதை வெறுமையாக இருக்கும்போது தண்டவாளங்களின் வழியே மின்னோட்டம் ரிலேயை அடைகிறது; ரிலேயின் இரும்பு நாக்கு மேலே இழுக்கப்பட்டு நிற்கிறது; சிக்னல் பச்சையாகலாம். வண்டி வந்தால் அதன் சக்கர அச்சுகள் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் அச்சு வழியே திரும்பிவிடுவதால் ரிலே வலுவிழக்கிறது, நாக்கு தன் எடையாலேயே கீழே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது.

இந்த அமைப்பின் சிறப்பு யாது? மின்கலம் தீர்ந்தாலும் நாக்கு விழும். கம்பி அறுந்தாலும் விழும். ரிலேயின் சுருள் எரிந்தாலும் விழும். பெரும்பாலான பழுதுகள் சிவப்பு விளக்கிலேயே முடிகின்றன. வண்டி தாமதமாகலாம், மோதாது. ரிலேயின் தொடுமுனைகள் தீப்பொறியால் ஒன்றோடொன்று பற்றி ஒட்டிக்கொள்ளாவண்ணம், ஒன்று உலோகமாகவும் மற்றொன்று கரியாகவும் அமைக்கும் வழக்கமும் உண்டு. பூமியின் ஈர்ப்பு ஒருநாளும் ஓய்வெடுப்பதில்லை. அதனையே காவலனாக நியமித்த முன்னோரின் மதிநுட்பம் போற்றத்தக்கது.

டிரான்சிஸ்டருக்குக் கீழ் மேல் இல்லை

ரிலேக்கள் பெரியவை, ஒரு பெரிய ஸ்டேஷனுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும், அவற்றை நிறுத்தி வைக்க ஓர் அறை, சில இடங்களில் ஒரு கட்டடமே, தேவைப்படும். அவற்றின் பணியை மிகச் சிறிய இடத்தில், மிக விரைவாகச் செய்ய வல்லது குறைகடத்திச் சிப்பு. ஆகவே சிக்னல்களையும் தடமாற்றிகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இண்டர்லாக்கிங் முறையிலும், அச்சுகளை எண்ணிப் பாதை வெறுமையானதா என்று கூறும் கருவியிலும், ரிலேயின் இடத்திற்கு எலெக்ட்ரானிக் தர்க்கச் சுற்றுகள் வந்துவிட்டன.

தர்க்கச் சுற்று என்பது 0, 1 ஆகிய இரண்டு நிலைகளை மட்டுமே அறிந்தது. “இதுவும் அதுவும் 1 ஆனால் விடை 1”, “இதுவோ அதுவோ 1 ஆனால் விடை 1” என்பன போன்ற விதிகளின்படி அது முடிவு கூறும். அதன் உறுப்பு டிரான்சிஸ்டர். இங்கேதான் புதிய சிக்கல் எழுகின்றது. டிரான்சிஸ்டர் பழுதடையும்போது அது திறந்த ஸ்விட்சாகவும் நின்றுவிடலாம். மூடிய ஸ்விட்சாகவும் நின்றுவிடலாம். இன்ன பக்கம்தான் அது சாயும் என்று கூற இயலாது. ரிலேயின் நாக்கிற்குக் கீழ் என்றொரு திசை உண்டு. டிரான்சிஸ்டருக்கு அத்தகைய திசை இல்லை. எனவே பழுது சிவப்பிலும் முடியலாம், பச்சையிலும் முடியலாம்.

இத்தகைய பழுதுகளை ஆராய்வோர் ஓர் எளிய மாதிரியைக் கையாளுகின்றனர். சுற்றிலுள்ள ஏதேனும் ஒரு கம்பி 0 என்னும் நிலையிலோ 1 என்னும் நிலையிலோ அசையாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது எனக் கொள்வர். அமெரிக்க விஞ்ஞானி எல்ட்ரெட் 1959இல் வெளியிட்ட ஆய்வில் இக்கருத்து உருப்பெற்றது. இயற்கையில் நேரும் பழுதுகள் யாவும் இவ்வளவு எளியவை அல்ல. எனினும் ஒட்டிக்கொண்ட பழுதுகளைத் தவறாது கண்டுபிடிக்கும் சோதனை, வேறு பல பழுதுகளையும் கண்டுபிடித்துவிடும் என்பது அனுபவம் காட்டும் உண்மை.

உறங்கும் காவலாளி

பழுது எப்போதும் உடனே வெளிப்படுமாயின் அச்சத்திற்கு இடமில்லை. கணக்கிடும் கருவி பிழையான விடை தந்தால் அன்றே திருத்தலாம். காவற்சுற்றின் நிலை வேறு. அது பேச வேண்டிய சந்தர்ப்பம் ஆண்டில் ஒருமுறையும் வராமற் போகலாம். வெப்பம் மீறினால் யந்திரத்தை நிறுத்த வேண்டிய சுற்றினை எடுத்துக்கொள்வோம். வெப்பம் மீறாத நாளெல்லாம் அதன் விடை 0. அச்சுற்று 0இல் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தாலும் அதன் விடை 0தான். நலமாயுள்ள காவலாளியின் மௌனமும், இறந்துபோன காவலாளியின் மௌனமும் வெளியே நிற்போர்க்கு ஒன்றேபோல் தோன்றும். ஆபத்து வரும் நாளில்தான் வேறுபாடு தெரியும்; அன்று தெரிந்து பயனில்லை.

இதற்கு வழக்கமான மருந்து, குறித்த காலத்திற்கொருமுறை பணியாளர் சென்று சோதிப்பது. ஆண்டுக்கு ஒருமுறை சோதனை நடைபெறுவதாக வைத்துக்கொள்வோம். பழுது ஆண்டின் எந்நாளில் வேண்டுமானாலும் நேரலாம். ஆகவே சராசரியாக அரை ஆண்டுக் காலம் அது மறைந்தே கிடக்கும். மாதந்தோறும் சோதித்தால் அரை மாதம். விநாடிதோறும் சோதித்தால் அரை விநாடி. ஆனால் விநாடிதோறும் சோதிக்க எந்தப் பணியாளரால் இயலும்? சுற்றினால் மட்டுமே இயலும். சுற்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து இவ்வாறுதான் பிறந்தது.

எல்லா வினாக்களையும் கேட்க இயலுமா?

சோதனை என்பது யாது? சுற்றின் உள்வாய்களில் 0, 1 ஆகிய இலக்கங்களின் ஒரு வரிசையைக் கொடுத்து, வெளிவரும் விடை சரியானதா என்று பார்ப்பதே சோதனை. மூன்று உள்வாய்களை உடைய சுற்றுக்கு 8 வினாக்கள் போதும். உள்வாய்கள் 64 ஆனால், கேட்கத்தக்க வினாக்களின் எண்ணிக்கை 2ஐ 64 முறை பெருக்கி வரும் தொகை. விநாடிக்கு 100 கோடி வினாக்களாகக் கேட்டாலும் முடிக்க ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். அன்றியும், வினாக்களையும் விடைகளையும் எழுதிச் சேர்த்து வைக்கச் சிப்பிற்குள் இடம் ஏது?

இவ்விரு தடைகளையும் ஒரே சிறு கருவி நீக்குகிறது. அதனை நகர்வுப் பதிவகம் எனலாம். ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே இதனைச் செய்து காட்டலாம். அல்லது நான்கு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கையை உயர்த்தினால் 1, தாழ்த்தினால் 0 என்று விதித்து, விளையாட்டாகவே நடத்தலாம்.

நான்கு மாணவர்களின் விளையாட்டு

அ, ஆ, இ, ஈ என நான்கு அறைகளை இடமிருந்து வலமாக வரைக. தொடக்கத்தில் அவற்றில் 1, 0, 0, 0 என்று எழுதுக. ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஒவ்வோர் இலக்கமும் வலப்புற அறைக்கு நகரும். காலியாகும் முதல் அறைக்குப் புதிய இலக்கம் வேண்டும். அதற்கு விதி இதுவே: நகர்வதற்கு முன் இ, ஈ ஆகிய கடைசி இரண்டு அறைகளும் ஒத்திருந்தால் 0, வேறுபட்டிருந்தால் 1.

இவ்விதியைப் பின்பற்றினால் 1000, 0100, 0010, 1001, 1100, 0110, 1011, 0101, 1010, 1101, 1110, 1111, 0111, 0011, 0001 எனப் பதினைந்து நிலைகள் தோன்றி, பதினைந்தாவது தட்டலில் மீண்டும் 1000 வரும். நான்கு இலக்கங்களால் அமையும் 16 நிலைகளில் 0000 ஒன்று நீங்கலாக மற்ற யாவும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. வரிசையைப் பார்ப்போர்க்கு அது ஒழுங்கற்றதுபோல் தோன்றும். ஆயினும் ஒவ்வொரு முறையும் அதே வரிசைதான். வினாத்தாளை எங்கும் எழுதி வைக்கவில்லை; வினாக்கள் தாமே பிறக்கின்றன. பெரிய சுற்றுக்கு எல்லா வினாக்களையும் கேட்பதற்குப் பதிலாக, இவ்வாறு குலுக்கிப் போட்டாற்போன்ற சில ஆயிரம் அல்லது சில லட்சம் வினாக்களைக் கேட்டாலே பெரும்பாலான பழுதுகள் அகப்பட்டுவிடும்.

இனி விடைகளைச் சுருக்கும் வழி. அதே போன்ற மற்றொரு நான்கறைப் பதிவகத்தை 0000 என்று தொடங்குக. இங்கு முதல் அறைக்குரிய இலக்கத்தைக் கணக்கிடும்போது, இ, ஈ அறைகளை ஒப்பிட்டுக் கிடைத்த இலக்கத்தைச் சோதிக்கப்படும் சுற்றின் விடையோடு மீண்டும் ஒப்பிடுக: ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1. எல்லா வினாக்களும் முடிந்தபின் நான்கு அறைகளிலும் எஞ்சி நிற்கும் இலக்கங்களே அச்சுற்றின் கையொப்பம். நல்ல சுற்றின் கையொப்பம் முன்னரே தெரியும். வந்த கையொப்பம் அதனோடு பொருந்தினால் சுற்று நலம், பொருந்தாவிடில் பழுது.

மூவரில் இருவர்

இதனை ஓர் உண்மையான காவற்சுற்றின் மீது செலுத்திப் பார்ப்போம். முக்கியமான யந்திரங்களில் ஓர் அளவை ஒரே உணர்கருவி கொண்டு அளப்பதில்லை, மூன்று வைப்பர். மூன்றில் இரண்டு “ஆபத்து” என்றால் யந்திரம் நிற்கும். ஒன்று மட்டும் தவறிக் கூவினால் வேலை கெடாது. ஒன்று மட்டும் ஊமையானாலும் காவல் கெடாது. இந்த வாக்கெடுப்பை நடத்தும் சுற்றின் மூன்று உள்வாய்களையும் நம் முதற் பதிவகத்தின் அ, ஆ, இ அறைகளோடு இணைப்போம். மேற்கண்ட பதினைந்து நிலைகளுக்கும் நல்ல சுற்று தரும் விடைகள் முறையே 0, 0, 0, 0, 1, 1, 1, 0, 1, 1, 1, 1, 1, 0, 0. இவ்விடைகளை இரண்டாம் பதிவகத்தில் செலுத்தினால் இறுதியில் நிற்பது 0011. இதுவே நலத்தின் கையொப்பம்.

இப்போது முதல் உள்வாய் 0இல் ஒட்டிக்கொண்டுவிட்டதாகக் கொள்வோம். அதாவது முதல் உணர்கருவி எவ்வளவு உரக்கக் கூவினாலும் சுற்றின் காதில் விழாது. ஆபத்தற்ற நாளில் இப்பழுது எவ்வகையாலும் தென்படாது என்பதைக் கவனிக்க. சோதனையின்போதோ ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் விடைகள் மாறிவிடுகின்றன. கையொப்பம் 1010 ஆகிறது. மறைந்திருந்த பழுது வெளிப்பட்டது. வாசகர்கள் தாளும் எழுதுகோலும் கொண்டு இதனைத் தாமே சரிபார்க்கலாம். மாணவர்க்கு இதைவிட நல்ல வீட்டுக்கணக்குக் கிடைப்பது அரிது.

இந்தக் கணக்கிலேயே மற்றொரு பாடமும் அடங்கியுள்ளது. சுற்றின் வெளிவாய் 0இல் ஒட்டிக்கொண்டால் கையொப்பம் 0000. வெளிவாய் 1இல் ஒட்டிக்கொண்டாலும் கையொப்பம் அதே 0000! ஒன்று எப்போதும் மௌனம். மற்றொன்று ஓயாத கூச்சல். முற்றிலும் எதிரான இரண்டு பழுதுகள் ஒரே கையொப்பம் இடுகின்றன. ஆகவே கையொப்பம் “நோய் உண்டு” என்று கூறுமேயன்றி, “இன்ன நோய்” என்று கூறாது. அதைவிட முக்கியமானது, பழுதுற்ற சுற்று தற்செயலாக நல்ல கையொப்பத்தையே இட்டுவிடும் அபாயம். நான்கறைப் பதிவகத்தில் இதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ 16இல் ஒன்று. இது மிக அதிகம். 16 அறைகளானால் 65,536இல் ஒன்று. 32 அறைகளானால் ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. அறைகளைக் கூட்டக் கூட்ட அபாயம் குறைகிறது, முற்றிலும் அழிவதில்லை.

இக்கலை வளர்ந்த வரலாறும் நெடியதன்று. 1977இல் ஹியூலெட் பாக்கர்டு நிறுவனம் கையொப்ப முறையில் பழுது காணும் கருவியைப் பணியாளர்க்கு அளித்தது. 1979இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களான கெனெமான், முகா, ஸ்வீஹோஃப் ஆகிய மூவரும் சுற்றின் சொந்தப் பதிவகங்களையே சோதனை வேளையில் வினா பிறப்பிப்பனவாகவும் கையொப்பம் சேர்ப்பனவாகவும் மாற்றும் முறையை வெளியிட்டனர். நம் நாட்டில் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பரிமல் பால் சௌதுரியும் அவருடைய மாணவர்களும், ஒவ்வோர் அறையும் தன் அண்டை அறைகளை மட்டுமே பார்த்து மாறும் “செல்லியக்க” அமைப்புகளைக் கொண்டு இதே பணியைச் செய்யும் வழிகளை விரிவாக ஆராய்ந்தனர். அவர்தம் நூல் 1997இல் வெளியாயிற்று.

பணியை நிறுத்தாமல் சோதிப்பது எப்படி?

மேற்கூறிய முறையில் ஒரு குறை உண்டு. வினாக்களைக் கேட்கும் நேரத்தில் சுற்று தன் சொந்தப் பணியைச் செய்ய இயலாது. கணிப்பொறியை இயக்கத் தொடங்கும் போதும், ரயில் வண்டி புறப்படும் முன்னும் சோதிப்பதற்கு இது ஏற்றது. இரவும் பகலும் விழித்திருக்க வேண்டிய காவற்சுற்றுக்கு அவ்வாறு ஓய்வு கொடுக்க இயலாது. இச்சிக்கலுக்கு விடை கண்ட துறைகளுள் அணுசக்தித் துறை முக்கியமானது. குர்லாவில் துறைமுகப் பாதை வண்டியேறினால் திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்கூர்ட் என்று ஸ்டேஷன்கள் வரும். அவற்றுக்குத் தெற்கே, கடலோரக் குன்றுகளின் அடியில் உள்ளது டிராம்பே. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இந்தியாவின் முதல் அணு உலையான அப்ஸரா இயங்கத் தொடங்கியது அங்கேதான். அணு உலைகளுக்கு வேண்டிய எலெக்ட்ரானிக் கருவிகளை நாமே ஆக்கிக்கொள்ளும் முயற்சி அங்கு வளர்ந்தது. 1967இல் ஹைதராபாத்தில் தோன்றிய இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் அம்முயற்சியின் கிளையே.

அம்மரபின் தொடர்ச்சியைத் தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் காணலாம். அங்கே அமைக்கப்பட்டுள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையை அவசர வேளையில் நிறுத்துவதற்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்றில் 9 தண்டுகளும் மற்றொன்றில் 3 தண்டுகளும் உள்ளன. நியூட்ரான்களை விழுங்கும் இத்தண்டுகளை மின்காந்தங்கள் பற்றி நிற்கின்றன. ஆபத்து என்று தர்க்கச் சுற்று முடிவு செய்தால் மின்காந்தத்திற்குச் செல்லும் மின்னோட்டம் நிற்கும். தண்டுகள் தம் எடையாலேயே உலைக்குள் விழும். ரயில்வே ரிலேயில் நாம் கண்ட அதே ஈர்ப்பு விசை இங்கும் கடைசிக் காவலனாக நிற்பதைக் காண்க. ஆயினும் விழச் சொல்லும் கட்டளையைப் பிறப்பிப்பது குறைகடத்திச் சுற்று. அது ஒட்டிக்கொண்டுவிட்டால் ஈர்ப்பு விசைக்கும் வழியில்லை.

முதல் ஏற்பாட்டின் தர்க்கச் சுற்றில் நுண் துடிப்புச் சோதனை என்னும் முறை கையாளப்படுகிறது. உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுற்றின் உள்வாயில் மிகக் குறுகிய கால அளவுள்ள ஒரு போலி “ஆபத்து”த் துடிப்பைச் செலுத்துவர். தர்க்கச் சுற்று அதிவிரைவானது. அத்துடிப்புக்கு உரிய விடையை உடனே தந்துவிடும். சோதனைக் கருவி அவ்விடையைப் படித்துக்கொள்ளும். மின்காந்தமோ மந்தமானது, அதன் சுருளில் ஓடும் மின்னோட்டம் நொடிப்பொழுதில் மறைவதில்லை. தண்டு நழுவுவதற்கு முன்னரே துடிப்பு முடிந்து மின்னோட்டம் மீண்டுவிடும். இவ்வாறு ஒவ்வோர் உள்வாயையும், ஒவ்வொரு சேர்க்கையையும் யந்திரம் ஓயாது மாறி மாறிச் சோதித்துக்கொண்டே இருக்கும். சுற்றின் விரைவுக்கும் காந்தத்தின் மந்தத்துக்கும் இடையே உள்ள சிறு காலப் பிளவே சோதனைக்குரிய களம்.

இரண்டாம் ஏற்பாட்டின் சுற்று வேறொரு கொள்கையைப் பின்பற்றுகிறது. அதில் “நலம்” என்னும் செய்தி, நிலையான 0 அன்று, நிலையான 1 அன்று. ஓயாது மாறிக்கொண்டிருக்கும் துடிப்புத் தொடரே நலத்தின் அறிகுறி. சுற்றின் எப்பகுதியேனும் 0இலோ 1இலோ ஒட்டிக்கொண்டால் துடிப்பு நிற்கும், துடிப்பு நின்றால் மின்காந்தத்தின் பிடி விடும், தண்டு விழும். தெருவில் இரவுக் காவலன் தன் தடியைத் தட்டிக்கொண்டே செல்வதை நாம் அறிவோம். அந்தத் தட்டல் ஒலியே அவன் விழித்திருப்பதற்குச் சான்று. ஒலி நின்றால் வீட்டார் எழுந்துகொள்வர். டிரான்சிஸ்டருக்கு இயற்கை அளிக்காத திசையை மனிதன் இவ்வாறு அமைத்துக் கொடுத்தான். இரண்டு ஏற்பாடுகளையும் வெவ்வேறு கொள்கையில் அமைத்ததும் வேண்டுமென்றே செய்ததாகும். ஒரே பிழை இரண்டையும் ஒருங்கே வீழ்த்தக் கூடாது அன்றோ!

சோதிப்பவனைச் சோதிப்பவன் யார்?

ஈண்டு ஒரு வினா இயல்பாகவே எழும். சோதிக்கும் சுற்றும் டிரான்சிஸ்டரால் ஆனதுதானே? கையொப்பத்தை ஒப்பிடும் பகுதி “பொருந்தியது” என்னும் விடையிலேயே ஒட்டிக்கொண்டால், எல்லாப் பழுதுகளும் நலமென்றே அறிவிக்கப்படும் அல்லவா? இதற்குப் பொறியியலார் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். முதலாவது, அவ்வப்போது வேண்டுமென்றே பிழையான கையொப்பத்தைக் கொடுத்து, ஒப்பிடும் பகுதி அதனை மறுக்கின்றதா என்று பார்ப்பது. இரண்டாவது, ஒரே கணக்கை இரண்டு அல்லது மூன்று தனிச் சுற்றுகள் செய்து, ஒன்றின் விடையை மற்றொன்று சரிபார்ப்பது; எலெக்ட்ரானிக் இண்டர்லாக்கிங்கில் இம்முறை வழக்கத்தில் உள்ளது. மூன்றாவது, குறித்த காலத்துக்குள் உயிர்க்குறி வராவிட்டால் முழு அமைப்பையும் பத்திரமான நிலைக்குக் கொண்டுசெல்லும் தனிக் கடிகாரம் ஒன்றை வெளியே வைப்பது. இவ்வளவும் செய்த பின்னும் ஐயம் முழுவதும் நீங்கிவிடுவதில்லை. அது சிறியதாகி, அளவிடத் தக்கதாகிறது.

உள்ளமைந்த சோதனைக்கு விலையும் உண்டு. சிப்பின் பரப்பில் ஒரு பகுதி அதற்கென ஒதுக்கப்படும். சோதனை வேளையில் பல பகுதிகள் ஒருங்கே இயங்குவதால் மின்சாரமும் வெப்பமும் மிகும். குலுக்கல் வினாக்களுக்கு எளிதில் அகப்படாத பழுதுகளும் சில உண்டு. உதாரணமாக, 32 உள்வாய்களும் ஒருங்கே 1 ஆனால் மட்டுமே பேசும் சுற்றுக்கு அவ்வினா தற்செயலாக வந்து வாய்ப்பது மிக அரிது. அவற்றுக்கெனத் தனி வினாக்களைச் சேர்க்க வேண்டும்.

களப்பணியாளர் கருதத்தக்கவை

இக்கொள்கைகளிலிருந்து களப்பணியாளர் தம் அன்றாடப் பணிக்குக் கொள்ளத்தக்க முடிவுகள் நான்கு.

முதலாவது, தற்சோதனை சுற்றின் உள்ளே மட்டுமே பார்க்கிறது. உணர்கருவியின் முகத்தில் படிந்த அழுக்கு, தளர்ந்த இணைப்பு, எலி கடித்த கம்பி, துருவேறிய முனை ஆகியவற்றை அது அறியாதிருக்கலாம். பச்சை விளக்கு எரிவது, கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டிய பணியிலிருந்து நமக்கு விடுதலை அளிப்பதில்லை.

இரண்டாவது, தற்சோதனை பழுது என்று அறிவித்தபின், கருவியை அணைத்து மீண்டும் இயக்கியதும் அறிவிப்பு மறைந்துவிடுவது உண்டு. மறைந்தது அறிவிப்புத்தான், காரணம் மறைந்துவிட்டது என்று கொள்ள ஆதாரமில்லை. வெப்பத்தால் விரிந்து சுருங்கும் இணைப்புகள் இவ்வாறுதான் வந்து வந்து போகும். நாளும் நேரமும் வெப்பநிலையும் குறித்து வைத்தால், பத்துக் குறிப்புகளுக்குப் பின் காரணம் தானே முகங்காட்டும்.

மூன்றாவது, மூன்றில் ஒன்று பழுதுற்ற நிலையில் அமைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலை தடைப்படாததால் பழுது பார்த்தலைத் தள்ளிவைக்கத் தோன்றும். ஊமையான ஒன்று நீங்கலாக எஞ்சியவை இரண்டு. இனி அவ்விரண்டும் சேர்ந்து கூவினால்தான் காவல். மற்றொன்றும் ஊமையானால் காவலே இல்லை. ஆகவே முதற் பழுதை அவசரமாகவே கருதுதல் வேண்டும்.

நான்காவது, அடிக்கடி வீண் அறிவிப்புத் தருகிறதென்று சோதனைச் சுற்றையே துண்டித்து வைத்தல் ஒருநாளும் ஆகாது. வீண் அறிவிப்புக்கும் காரணம் ஒன்று உண்டு; அதனைத் தேடுவதே பணி.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தர்க்கச் சுற்றினைப் பாடமாக நடத்துங்கால் அது சரியாக இயங்கும் விதத்தை மட்டுமே கூறி நிறுத்திவிடுகிறோம். அது எவ்வாறு தவறும், தவறியதை எவ்வாறு அறிவது என்பனவும் பாடத்தின் பாதியே. மேலே கண்ட நான்கறை விளையாட்டுக்குச் சுண்ணாம்புக் கட்டியன்றி வேறு செலவில்லை. ஒரு மாணவனிடம் ரகசியமாக “நீ எப்போதும் கையைத் தாழ்த்தியே வைத்திரு” என்று கூறிவிட்டு, கையொப்பம் மாறுவதைக் கொண்டு மற்றவர்கள் பழுதைக் கண்டுபிடிக்கட்டும். யார் பழுது என்பதைக் கையொப்பம் மட்டும் கொண்டு கூற முடியாமல் அவர்கள் திகைக்கும் இடத்தில் நல்ல பாடம் தொடங்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் வந்தபோது, சிக்னல் ரிலேயின் நாக்கைக் கீழே இழுத்துக் காத்தது பூமியின் ஈர்ப்பு. இன்று அதே பாதையில் செல்வோரைக் காக்கும் சுற்றுகள் ஈர்ப்பை மட்டும் நம்பி இருக்க இயலாது. அவை தம்மைத்தாமே ஓயாது வினவிக்கொள்ளுமாறு அமைத்தது மனித அறிவு. அவ்வினாவிற்கு வரும் விடையை மதித்து உடனே செயற்படுவது பணியாளரின் கடமை. சுற்று தன் பழுதைத் தானே கூறும். அதைக் கேட்பதற்கு நாம் விழித்திருத்தல் வேண்டும்.